சாந்தாமணி கேட்ட ஆபரேஷன்

போன மாதம் ஒரு நர்சிங் கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வந்து கைப்பேசியை நீட்டினாள். திருநங்கைகளுக்கான அறுவை சிகிச்சை பற்றி ஏதோ ஒரு மருத்துவமனையின் விளம்பரம். "ஒவ்வொரு உடலுக்கும் அதற்கேற்ற முறை, இதோ முதன்முறையாக" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. "இதெல்லாம் உங்க காலத்துல இருந்திருக்காதுங்களே மேடம்" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை. 'முதன்முறையாக' என்ற அந்த வார்த்தை மேல்தான். இருந்தது கண்ணு, எங்கள் காலத்திலேயே இருந்தது. செய்யத் தெரிந்தவரும் இருந்தார். செய்யவிடாமல் தடுத்தவர்களும் இருந்தார்கள், அதில் நானும் கொஞ்ச காலம் ஒருத்தி. இதைச் சொன்னதும், எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். மதுக்கரைக்காரி. தாத்தா பாட்டி தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள், அப்பா சிமெண்ட் மூட்டை சுமந்தவர், நான் நர்ஸ் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வருடம் பெட்பேன் கழுவினேன், ஊசியைக் கொதிக்க வைத்தேன், வாங்காத திட்டெல்லாம் வாங்கினேன். உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: டாக்டர் கை நீட்டுவதற்கு முன் கருவி அந்தக் கையில் இருக்க வேண்டும். அதில் கெட்டிக்காரியாக இருந்ததால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஆனேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

அப்போது திருநங்கை என்ற சொல் புழக்கத்தில் இல்லை. எங்கள் பதிவேட்டில் அவர்களை என்னவென்று குறித்தோம் என்பதை எழுதக் கை கூசுகிறது. பாலினம் என்ற கட்டத்தில் 'ஆண்' என்று போட்டு, ஆண்கள் வார்டின் கடைசியில் ஒரு கட்டிலைக் கொடுத்து, சுற்றித் திரையை இழுத்து மூடிவிடுவோம். பெரும்பாலும் வேறெங்கோ போய் எவனோ ஒருவனிடம் அறுத்துக்கொண்டு, அது அரைகுறையாக ஆறி, சிக்கலாகி வருவார்கள். எடுத்த எடுப்பிலேயே எங்களிடம் வந்தவர்கள் மிகக் குறைவு.

எங்கள் சீஃப், அதாவது தலைமை சர்ஜன், வெளிநாட்டில் படித்து வந்தவர். காலை ஏழே முக்காலுக்குத் தியேட்டர் வாசலில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கூட்டித் துடைக்கும் ஆயாவையும் "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் அந்த மரியாதையில் நானும் மயங்கித்தான் போனேன். அந்த 'ங்க' எதிராளியின் வாயை அடைக்கும் பஞ்சு என்பது எனக்குப் புரியச் சில வருடங்கள் ஆயின. திட்டுகிற ஆளிடம் திருப்பிப் பேசலாம். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவரிடம் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஓர் அட்டை உண்டு. எந்தக் கருவி, எந்த வரிசை, எங்கே வெட்டு, எங்கே தையல், எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். முதல் நாள் மாலை லிஸ்ட் வரும், அட்டையைப் பார்த்து நான் ட்ரே அடுக்குவேன். திருநங்கைகளுக்கான ஆபரேஷனுக்கும் ஒரே ஓர் அட்டைதான். உயரமானவரா குள்ளமானவரா, தோல் எவ்வளவு இருக்கிறது, முன்பே யாராவது கத்தி வைத்திருக்கிறார்களா, எதுவும் அந்த அட்டைக்குத் தேவையில்லை. ஆணுறுப்பின் தோலை உரித்து உள்பக்கமாகத் திருப்பி, பெண்ணுறுப்பின் உள்வழியாக அமைப்பது அந்த முறை. நல்ல முறைதான். ஆனால் அதற்குப் போதுமான தோல் வேண்டும். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்த ஜோதி என்ற பெண்ணுக்கு அது இல்லை. இருந்த தோலை இழுத்துப் பிடித்துத் தைத்தார். நான்காம் நாள் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. அமைத்த வழி முழுக்க அடைந்துபோய், ஆறு வாரம் கிடந்து அழுதாள். "ஏனுங்க எனக்கு மட்டும் இப்படி ஆச்சு?" என்று கேட்டதற்குச் சீஃப் கட்டிலருகே நின்று, மிகவும் வருத்தத்தோடு, "உங்க ஒடம்பு ஒத்துழைக்கலீங்க" என்றார்.

தப்பு அவள் உடம்பினுடையதாம். அந்த ஆபரேஷனுக்கு ட்ரே அடுக்கியவள் நான். அன்று பக்கத்தில் வாய் மூடி நின்றவளும் நான்தான்.

அந்த வருடம்தான் டாக்டர் யூசுப் வந்து சேர்ந்தார். கோட்டைமேட்டுக்காரர். சீஃபுக்குக் கீழே பிளாஸ்டிக் சர்ஜன். இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார், அதுவே வார்டில் பேச்சாகிவிட்டது. என்ன வேலை செய்கிறீர்கள், நின்றா உட்கார்ந்தா, யாரோடு குடியிருக்கிறீர்கள், இந்த ஆபரேஷனால் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்டு, கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதிக்கொள்வார். பிறகு நூலை வைத்து அளப்பார். அந்நாளில் கையுறைகளைக் கழுவி, பவுடர் போட்டு, காகிதத்தில் மடித்து வேகவைத்துத்தான் மறுபடி பயன்படுத்துவோம். ஆபரேஷன் மேசையில் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, தோலின் மேல் விரித்து, கத்தரியால் அளவு வெட்டுவார். சரியில்லை என்றால் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டுவார். சரியாக வந்த பிறகுதான் அதைச் சுற்றி நீல மருந்தால் கோடு போட்டு, கத்தியைத் தொடுவார்.

தோல் தாராளமாக இருந்த ஒருத்திக்குச் சீஃப் அட்டையில் இருந்ததைத்தான் இவரும் செய்தார், ஆனால் உள்ளே முடி வளராமலிருக்க வேர்களை ஒவ்வொன்றாகச் சுரண்டினார், எனக்குக் கால் மரத்துப்போகும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு. இன்னொருத்திக்குத் தோல் போதவில்லை, தொடையிலிருந்து எடுத்து ஒட்டினார். ஒருத்திக்கு ஆபரேஷனே செய்யவில்லை, சர்க்கரை இறங்கட்டும் என்று திருப்பி அனுப்பினார். சீஃபுக்கு இது பிடிக்கவில்லை. "டாக்டர் தையற்கடை வெச்சிருக்காருங்க" என்று சிரித்தபடி சொல்வார். நாங்களும் சிரிப்போம். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சாந்தாமணி வந்தது அதற்குப் பிறகு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் மேசையில் வேலை. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். வெளிமாநிலத்துக்குப் போய், மயக்க மருந்துகூட ஒழுங்காகக் கொடுக்காத ஒருவனிடம் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வந்தவள். புண் ஆறியபோது சிறுநீர் வரும் துவாரம் ஊசிக் காது அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு தடவை போய்வர அரை மணி நேரம் ஆகும். அதுவும் சொட்டுச் சொட்டாகத் தெறித்து, காலெல்லாம் நனைந்து. மாதம் தவறாமல் குளிர்காய்ச்சல். அறுத்த உறுப்பின் அடிவேர் உள்ளே விட்டுப்போய்க் கட்டியாகியிருந்தது, அதிக நேரம் நின்றால் அந்த வேர்க்கட்டி வலிக்கும். கம்பெனியில் அவளைப் பெண்ணாகத்தான் எல்லோருக்கும் தெரியும். கக்கூஸில் போய்த் தூங்குகிறாள் என்று சூப்பர்வைசர் இரண்டு முறை எச்சரித்துவிட்டான், மூன்றாவது முறை வேலை போய்விடும். அந்த வேலை போனால் பெண்ணாக அவள் நிற்க ஓர் இடம் கிடையாது.

யூசுப் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஒண்ணுக்கு நேரா போகோணுங்க. உக்காந்தமா எந்திரிச்சு வந்தமான்னு இருக்கோணும். வெளிய பாத்தா பொம்பளயாட்டத் தெரியோணும். அவ்வளவுதானுங்க."

"உள்வழி வேண்டாமா?" என்றார் யூசுப். "உங்களுக்கு அதுக்குத் தோல் இல்லை. குடலிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் செய்யலாம். பெரிய ஆபரேஷன், வயிற்றைத் திறக்கணும். அப்புறமும் சுருங்காம இருக்க மாசக்கணக்கா உள்ளே குச்சி வெச்சுப் பழக்கணும்."

"ஒரே ரூமுல ஒம்பது பொம்பளைங்க படுத்திருக்கறோம். அங்க எங்கீங்க குச்சி வெக்கறது? வேண்டாமுங்க. எனக்கு அது வேண்டியதே இல்லீங்க."

அவர் ஒரு காகிதத்தை எடுத்து, என்ன செய்யப்போகிறார் என்று வெட்டிக் காட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். தன் தொழில் அல்லவா, முகம் தெளிந்துவிட்டது. சீஃபின் அட்டை பற்றி வார்டில் கேள்விப்பட்டிருந்தாள் போலிருக்கிறது. "ஏனுங்க, ஆரு போடற துணின்னு கேக்காம கத்தரி வெக்கற கட்டிங் மாஸ்டர எங்க கம்பெனில ஒரு நாளைக்கு நிக்க உடுவாங்களா? ஒடம்புக்கு மட்டும் அது ஆகுமுங்களா?" என்றாள். யூசுப் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு ஜோதியின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகுதான், அதே நாளில் வெளியூர் சர்ஜன்கள் ஏழு பேர் எங்கள் தியேட்டரைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தது. சிறுநீர்த் துவாரத்தைச் சரிசெய்வதைக் காட்டினால் யார் வியப்பார்கள்? குடலை எடுத்து உள்வழி செய்யும் ஆபரேஷனை எங்கள் ஊரில் அதுவரை யாரும் செய்து காட்டியதில்லை. சீஃப் கேஸ் ஷீட்டில் யூசுப் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். யூசுப்பை அந்த வாரம் முழுக்க வார்டுப் பக்கம் வராதபடி புறநோயாளிகள் பிரிவில் போட்டார். சாந்தாமணியிடம் ஓர் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

எனக்கு லிஸ்ட் வந்தது. குடல் கருவி செட் என்று இருந்தது. மனதை மாற்றிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வார்டு பத்தடி தூரத்தில்தான். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜோதிக்குச் செய்த அதே தப்பை, தெரிந்துகொண்டே, இரண்டாவது தடவையும் செய்தேன். லிஸ்ட் வந்தால் ட்ரே அடுக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

காலையில் டிராலியில் அவளைக் கொண்டுவந்து தியேட்டர் வாசலில் நிறுத்தினார்கள். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீரும் பேதி மருந்தும் எனிமாவுமாகக் கண் குழி விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க சிஸ்டர், ஒண்ணுக்குப் போற வழியச் செரி பண்றதுக்கு எதுக்குங்க கொடலக் கழுவுனாங்க?"

"உனக்கு என்ன ஆபரேஷன்னு சொன்னாங்க அம்மணி?" என்றேன்.

"யூசுப் டாக்டர் சொன்னதுதானுங்க. வேற ஆரும் ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு காயிதத்துல ஒப்பம் வாங்குனாங்க."

சீஃப் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

"சார், அந்தப் பொண்ணு உள்வழி வேண்டாம்னு தெளிவாச் சொல்லியிருக்குங்க. குடல் ஆபரேஷன்னே அதுக்குத் தெரியாதுங்க."

"ஒப்பம் போட்டிருக்காங்களேங்க."

"இங்கிலீஷ்ல இருக்குதுங்க சார். அது அஞ்சாவதோட நின்ன பொண்ணுங்க."

"ஏனுங்க சிஸ்டர்," என்றார் முழங்கை வழியே தண்ணீரை வடியவிட்டபடி, முகத்தில் அதே புன்னகையோடு, "அவங்களுக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரியாதுங்க. முழுசாப் பண்ணிவிட்டா நாளைக்குக் கையெடுத்துக் கும்பிடுவாங்க. நீங்க ட்ரேயப் பாருங்களேனுங்க."

சரி, ட்ரேயைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். ஏழு பேரும் பச்சை உடுப்பு மாட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தார்கள். டிராலியும் உள்ளே வந்துவிட்டது. சீஃபும் கையை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். நான் கையுறையைக் கழற்றினேன். என் வெறுங்கையை எடுத்து, விரித்து வைத்திருந்த குடல் கருவிகளின் மேல் அழுத்தி வைத்தேன்.

தியேட்டர் சிஸ்டருக்கு இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. கழுவி வேகவைத்த கருவியின் மேல் வெறும் விரல் பட்டால் அந்தச் செட்டே போச்சு. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு செட். எல்லோரும் பார்க்க, ஒவ்வொன்றாகத் தொட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"பரவால்லீங்க," என்றார் சீஃப். குரல் அப்போதும் உயரவில்லை. "மறுபடி வேக வெச்சு எடுத்தாங்க."

"வெக்கறேனுங்க சார். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் சும்மாதான நிக்கறோம், அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை கேட்டுப்போடுங்க. இவங்கெல்லாம் இருக்கறப்பவே கேளுங்க."

சீஃப் கேட்கவில்லை. வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் டிராலியிடம் போனார். "இன்னிக்கு உனக்கு என்ன செய்யறாங்கன்னு தெரியுமாம்மா?" என்றார்.

"ஒண்ணுக்குப் போற தொளையப் பெருசு பண்றாங்க சார்."

"வயித்தைத் திறந்து குடல்ல ஒரு துண்டு எடுக்கறதா யாராவது சொன்னாங்களா?"

"கொடலயா?" சாந்தாமணி எழுந்து உட்கார்ந்தேவிட்டாள். "என்ற கொடலு என்னுங்க பாவம் பண்ணுச்சு? நான் கேட்டது அதில்லீங்களே!"

நரைத்த தலைக்காரர் சீஃபைப் பார்த்தார், மாஸ்க்கைக் கழற்றினார், ஒன்றும் பேசாமல் வெளியே போனார். மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள். அவர் ஒரு வார்த்தை கண்டித்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எனக்கு மறுநாளே மெமோ வந்தது. தியேட்டர் ஒழுங்கை மீறியதற்காக அடுத்த மாதம் முதல் ஆண்கள் வார்டுக்கு மாற்றம். ஏழெட்டு வருடம் நின்ற தியேட்டரின் கதவை அதற்குப் பிறகு அந்த மருத்துவமனையில் நான் திறக்கவே இல்லை. சீஃபுக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை.

ஆனால் மாற்றம் வருவதற்குள் சாந்தாமணியின் ஆபரேஷன் முடிந்தது. "சின்ன கேஸுங்க, ஆரு வேணாச் செஞ்சுக்கலாம்" என்று சீஃப் கையைக் கழுவிவிட்டார். யூசுப் அந்தச் சின்ன கேஸுக்கு மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். சுருங்கிப்போன துவாரத்தைக் கீழ்ப்பக்கமாகக் கீறிக்கொண்டே போய், தழும்பெல்லாம் தாண்டி, இளஞ்சிவப்பாக நல்ல சதை தெரிந்த இடத்தில் நிறுத்தினார். அந்த ஓரத்தைச் சுற்றியுள்ள தோலோடு மயிரிழை போன்ற நூலால் தைத்தார். வலி கொடுத்த வேர்க்கட்டியைக் குறைத்து, உணர்ச்சியுள்ள நரம்பு இருந்த துணுக்கை மட்டும் பத்திரமாக மேலே நிறுத்தினார். பிறகு காகிதம் கேட்டார். தொடை இடுக்கில் தளர்ந்திருந்த தோலின் மேல் வைத்து வெட்டினார், பிடிக்கவில்லை, கசக்கிப் போட்டார். ஐந்தாவது காகிதம்தான் பொருந்தியது. அதன்படி இரண்டு பக்கமும் மடிப்பு வைத்துத் தைத்து முடித்தபோது, அது பார்க்கிறவர்களுக்காகச் செய்ததாக இல்லை, அவளுக்கென்று அளந்து செய்ததாக இருந்தது. எந்த அட்டையிலும் அது இல்லை. நான் கடைசியாக அங்கே கருவி எடுத்துக் கொடுத்தது அந்த ஆபரேஷனுக்குத்தான்.

பதினோராம் நாள் சிறுநீர்க் குழாயை எடுக்க வேண்டும். அப்போது நான் வார்டு சிஸ்டர் ஆகிவிட்டேன். குழாயை நானே எடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து மெதுவாக நடந்தாள். வார்டு அட்டெண்டர் குறுக்கே வந்து ஆண்கள் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினான். பதிவேட்டில் ஆண் என்றுதான் இருக்கிறதாம். அங்கே சுவரைப் பார்த்து நின்று போகும் தொட்டிகள்தான் வரிசையாக இருக்கும், ஒரே ஒரு கதவு, அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. உட்கார்ந்து போவதற்காக இத்தனை பாடு பட்டவளை அங்கே போய் நிற்கச் சொல்கிறான். "வழிய உடு, இல்லீன்னா பல்லு இருக்காது" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஊழியரை அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான், அதற்காக வருந்தவும் இல்லை. நர்ஸ்களுக்கான கழிப்பறையின் பூட்டைத் திறந்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன்.

கதவுக்கு வெளியே நின்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். தண்ணீர் ஒரே சீராக விழும் சத்தம் கேட்டது. அறுபது எண்ணுவதற்குள் நின்றுவிட்டது.

வெளியே வந்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். சேலை நனையவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இதத்தானுங்க சிஸ்டர் மொத நாளே கேட்டேன். இவ்வளவுதானுங்களே நான் கேட்டது? இதுக்கா என்ற வயித்தக் கிழிக்கப் பாத்தாங்க?"

"ஆமா அம்மணி, நீ கேட்டது இவ்வளவுதான்" என்று சொல்லி, பூட்டின் சாவியை அவள் கையில் வைத்தேன்.